சறுக்கோட்ட வீராங்கனையர்

பழனிமலைத் தொடரில் பெருமாள்மலை என்பது ஓர் அழகிய சிற்றூர். வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையும், பழனியிலிருந்து ஏறிவரும் மலைப்பாதையும் ஒன்றுகூடும் இடம் அதுவே. ஊருக்குப் பெயர் தந்த மலைமுடி முகிலைச் சூடி ஓங்கி நிற்கும். சரிவெல்லாம் காப்பித் தோட்டமும் பழத்தோட்டமும் பசுமை பரப்பும். இவ்வூர் வழியாகப் பயணம் செய்வோர் எவரும் மறக்க இயலாதது, இங்குள்ள வளைவுகள் பலவே. பேருந்து வளைவில் திரும்புங்கால், உள்ளே நிற்போர் வெளிப்புறமாகச் சாய்ந்து தள்ளாடுவர்; கம்பியைப் பற்றாதவர் அடுத்தவர் மேல் விழுவர். ஆனால் அதே வளைவில் மிதிவண்டியில் இறங்கி வருபவனோ, வளைவின் உட்புறமாகத் தன் உடலைச் சாய்த்து இனிதே திரும்பிவிடுகின்றான். வளைவு ஒன்றே, ஒருவரை அது தள்ளாடச் செய்கிறது, மற்றவர்க்கு அது பணிந்து வழிவிடுகிறது. வேறுபாடு எங்குள்ளது? வளைவின் இயல்பை அறிந்து, அதற்கேற்பத் தன் உடலைச் சாய்க்கும் பயிற்சியில் உள்ளது. இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டு வளர்ந்த விளையாட்டு ஒன்று உண்டு. அதுவே சறுக்கோட்டம். மக்கள் வழக்கில் அதனை ஸ்கேட்டிங் என்பர்.

சறுக்கோட்டம் இருவகைப்படும். காலணியின் அடியில் கூரிய எஃகுத் தகட்டைப் பொருத்திப் பனிக்கட்டியின்மேல் ஓடுவது ஒன்று. காலணியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தித் தரைமேல் ஓடுவது மற்றொன்று. முன்னது குளிர்நாட்டில் பிறந்தது. வட ஐரோப்பிய நாடுகளில் மாரிக்காலத்தில் ஏரிகளும் ஆறுகளும் கால்வாய்களும் உறைந்து கல்லெனக் கிடக்கும். ஓடம் செல்ல வழியில்லை. நடந்தால் கால் வழுக்கும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் குதிரை, மாடு ஆகியவற்றின் எலும்புகளைச் சீவிக் காலிற் கட்டிக்கொண்டு அப்பனிப்பரப்பில் வழுக்கிச் சென்றனர். வழுக்குதல் என்னும் குறையையே அவர்கள் பயனாக மாற்றிக்கொண்டனர். பின்னர் எலும்பு இரும்பாயிற்று, பயணம் பந்தயமாயிற்று.

நம் நாட்டின் தென்கோடியில் பனி உறைந்த ஏரி எங்கும் இல்லை. கோடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் அங்கே விடியற்காலையிற் புல்வெளிமீது உறைபனி வெண்துகிலென விரிந்து கிடப்பதுண்டு. ஆயினும் கதிரவன் எழுந்ததும் அஃது உருகி மறைந்துவிடும். 1863-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கோடைக்கானல் ஏரி, ஒருவர் காலூன்றி நிற்கும் அளவுக்கு உறைவதில்லை. எனவே எஃகுத் தகட்டுச் சறுக்கோட்டம் நம்மவர்க்கு எட்டாததாயிற்று. எட்டாததை எட்டச் செய்தது சக்கரம்.

சக்கரக் காலணியின் வரலாறு சுவை மிக்கது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பெல்ஜியப் பகுதியிற் பிறந்து லண்டன் மாநகரிற் குடியேறிய ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கைவினை வல்லுநர் சக்கரக் காலணி ஒன்றைச் செய்தார். அதனை அணிந்து, கையில் வயலினை வாசித்தவாறே அவர் ஒரு விருந்து மண்டபத்தினுள் உருண்டு சென்றார் என்பர். விரைந்து செல்லக் கற்ற அவர், நிற்கவோ திரும்பவோ வழி கண்டிலர். நேரே சென்று விலையுயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதினார். கண்ணாடியும் உடைந்தது, வயலினும் உடைந்தது, அவரும் காயமுற்றார் என்று அந்நிகழ்ச்சி கூறப்படுகிறது. வேகம் மட்டும் ஆற்றலாகாது. அதனை அடக்கி ஆளும் வழியும் உடனிருத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

திரும்பும் வழியைக் கண்டவர் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்ப்டன் என்பவர். முன்னே இரண்டும் பின்னே இரண்டுமாக நான்கு சக்கரங்களைப் பொருத்தி, உடலைச் சாய்க்கும் பக்கம் காலணி தானே திரும்புமாறு அவர் 1863-ஆம் ஆண்டில் அமைத்தார். கோடைக்கானல் ஏரி தோன்றிய ஆண்டும் அதுவே என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆல்சன் என்னும் குடும்பப் பெயருடைய உடன்பிறந்தார், சக்கரங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அமைத்த பழங்காலணி ஒன்றைக் கண்டு, அதனைத் திருத்திச் செம்மை செய்து மக்களிடையே பரப்பினர். ஒரே வரிசையில் அமைந்த சக்கரங்கள் எஃகுத் தகட்டைப் போலவே மெல்லிய கோடாகத் தரையைத் தொடுவன. ஆதலின் பனிக்கட்டிமேல் ஓடும் முறையைத் தரைமேல் ஓடவும் கையாள இயன்றது. இந்நாளில் விரைவோட்டப் பந்தயங்களில் வீரர்கள் அணிவன இவ்வகைக் காலணிகளே.

இனி, ஓடும் முறையைக் காண்போம். நடப்பவன் தன் காலால் தரையைப் பின்னோக்கித் தள்ளி முன்னே செல்கிறான். சறுக்கோட்டத்தில் சக்கரம் முன்னும் பின்னும் எளிதில் உருளுமாதலின், பின்னோக்கித் தள்ளினால் கால் வழுவிப் போகுமேயன்றி உடல் முன்னேறாது. எனவே வீரர் தம் காலைப் பக்கவாட்டில் தள்ளுகின்றனர். வலக்காலால் தள்ளி இடக்காலிற் சறுக்குவர். இடக்காலால் தள்ளி வலக்காலிற் சறுக்குவர். இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து ஏறத்தாழத் தரைக்கு இணையாக வைத்துக்கொள்வர். இந்நிலையில் சில நிமிடம் நின்று பார்ப்பவர்க்கே தொடை வலிக்கும். பந்தயம் முழுமையும் இந்நிலையில் ஓடுதல் எத்துணை அரிது என்பது அப்போது விளங்கும்.

முதுகை வளைப்பது ஏன்? விரைந்து செல்வோர்க்குப் பெரும்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் தடை ஒன்பது மடங்காகும். நிமிர்ந்த உடலினும் குனிந்த உடலுக்குக் காற்றில் மோதும் பரப்புக் குறைவு. அதனாலேயே வீரர்கள் குனிந்து ஓடுகின்றனர். ஒருவர் பின் ஒருவராக நெருங்கி ஓடுவதும் இதனாலேயே. முன்னே செல்பவர் காற்றைப் பிளந்து செல்ல, பின்னே வருபவர்க்குத் தடை குறையும். அவர் தம் வலிமையைச் சேமித்துவைத்து, தக்க நேரத்தில் முன்னே பாய்வார்.

வளைவிற் செல்லும் முறை இன்னும் நுட்பமானது. பந்தயத் தளம் நீள்வட்டமாக அமையும். ஓட்டம் எப்பொழுதும் இடப்புறமாகவே திரும்பும். வளைவு வந்ததும் வீரர் உடலை இடப்புறம் சாய்த்து, வலக்காலை இடக்காலுக்கு முன்னே குறுக்காக எடுத்துவைத்துத் தொடர்ந்து தள்ளுவர். சாய்வு மிகுந்தால் விழுவர். குறைந்தால் வெளிப்புறம் வீசப்படுவர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய எல்லையிலேயே அவர்தம் திறமை அடங்கியுள்ளது. பெருமாள்மலையின் வளைவில் மிதிவண்டி ஓட்டுபவன் ஒருமுறை செய்வதை, சறுக்கோட்ட வீரர் சில விநாடிக்கு ஒருமுறை, தம்மைச் சூழ்ந்து பலர் ஓடும் நெருக்கத்திடையே செய்தல் வேண்டும்.

இத்தகைய கடுமை நிறைந்த விளையாட்டில் மகளிர்க்கு இடம் எளிதிற் கிடைத்ததன்று. குளிர்கால ஒலிம்பிக் போட்டி 1924-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஷாமோனி நகரில் முதன்முதலாக நடைபெற்றது. ஆடவர்க்கான பனிச் சறுக்கோட்டம் அப்பொழுதே இடம்பெற்றது. மகளிர் ஓட்டம் 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லேக் பிளாசிட் நகரிற் காட்சிப் பந்தயமாக மட்டுமே நடத்தப்பட்டது. அதற்குப் பதக்கப் போட்டியென்னும் தகுதி 1960-ஆம் ஆண்டிலேதான் வழங்கப்பட்டது. ஆடவர் ஓடத் தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே மகளிர்க்குக் கதவு திறந்தது.

திறந்த கதவின் வழியே முதலில் நுழைந்தவருள் தலைசிறந்தவர் லிதியா ஸ்கோப்லிக்கோவா. அவர் 1939-ஆம் ஆண்டில், அன்றைய சோவியத் நாட்டு யூரல் மலைப்பகுதியிலுள்ள ஸ்லதோஸ்த் என்னும் ஊரிற் பிறந்தார். 1960-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் 1500 மீட்டர், 3000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். 1963-ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டின் கருயிசாவா நகரில் நடந்த உலகப் போட்டியில் நான்கு தொலைவுகளிலும் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புரூக் நகரில் கூடிய ஒலிம்பிக்கில், 500, 1000, 1500, 3000 மீட்டர் என்னும் நான்கு ஓட்டங்களிலும் அவரே வென்றார். சனவரி 30 முதல் பிப்பிரவரி 2 வரை நான்கு நாள். நாளுக்கு ஒரு தங்கம். குளிர்கால ஒலிம்பிக் ஒன்றில் நான்கு தங்கம் வென்ற முதல்வர், ஆடவர் மகளிர் இருபாலாரிலும் அவரேயாவர். குறுந்தொலைவுக்கு வேண்டுவது பாய்ச்சல். நெடுந்தொலைவுக்கு வேண்டுவது பொறுமை. இவ்விரண்டும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் அரிதினும் அரிது.

அவ்வோட்டங்களுள் இறுதியானது ஆசிய மக்களாகிய நமக்குத் தனிப் பெருமை தருவது. 3000 மீட்டர் ஓட்டத்தில் ஸ்கோப்லிக்கோவா 5 நிமிடம் 14.9 விநாடியில் முதலாவதாக வந்தார். இரண்டாம் இடத்தை 5 நிமிடம் 18.5 விநாடியில் இருவர் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் சோவியத் நாட்டு வலென்தினா ஸ்தேனினா. மற்றொருவர் வட கொரியாவைச் சேர்ந்த ஹான் பில் ஹ்வா என்னும் நங்கை. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியப் பெண் ஒருவர் பெற்ற முதற் பதக்கம் அதுவே.

நீண்ட காலம் நிலைத்து நிற்றல் எவ்வாறு என்பதை நெதர்லாந்து நாட்டு இரீன் வூஸ்ட் உலகுக்குக் காட்டினார். 2006-ஆம் ஆண்டு டூரின் நகரில் தம் பத்தொன்பதாம் அகவையில் முதல் தங்கம் வென்றார். அதன்பின் 2010, 2014, 2018, 2022 ஆகிய ஒவ்வோர் ஒலிம்பிக்கிலும் தனியோட்டத்தில் ஒரு தங்கமேனும் வெல்லத் தவறிலர். ஐந்து ஒலிம்பிக்குகளில் தனிப் போட்டித் தங்கம் வென்ற முதல்வர் அவரே. பதினாறு ஆண்டுகள் ஒரே உயரத்தில் நிற்றல், ஒருமுறை உயர ஏறுவதினும் கடினமானது.

இவ்வாறு பனிநாட்டு மகளிர் பெரும்புகழ் எய்தியிருக்க, நம் நாட்டு மகளிரோ சக்கரத்தின்மேல் தம் வழியைத் தேடினர். சக்கரச் சறுக்கோட்டப் பந்தயம் கோடைக்கால ஒலிம்பிக்கில் 2024-ஆம் ஆண்டு வரை இடம்பெற்றதில்லை. உலகப் போட்டியும் ஆசிய விளையாட்டுப் போட்டியுமே அதன் உயர்ந்த களங்கள். 2010-ஆம் ஆண்டில் சீனாவின் குவாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியா கலைச்சறுக்குப் பிரிவில் இரண்டு வெண்கலம் பெற்றது. விரைவோட்டப் பிரிவிலோ பதக்கம் ஏதும் கிட்டவில்லை. அக்குறையைத் தீர்த்த நாள் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 2. நம் நாடு அண்ணல் காந்தியடிகளின் பிறந்தநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், சீனாவின் ஹாங்சௌ நகரில் மகளிர் 3000 மீட்டர் தொடரோட்டம் தொடங்கியது.

அப்போட்டிகள் 2022-ஆம் ஆண்டிலேயே நடந்திருத்தல் வேண்டும். பெருந்தொற்றின் காரணமாக ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டன. விளையாட்டு வீரர்க்கு ஓராண்டு என்பது சிறிய கால அளவன்று. பயிற்சியைத் தளரவிடாமல், நாளும் எதிர்பார்த்துக் காத்திருத்தலும் ஒருவகைப் போட்டியே ஆகும். அதில் வென்றவரே மறு ஆண்டில் களத்திற் காலூன்றினர்.

இந்தியக் குழுவில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரி ராஜ், சஞ்சனா பத்துலா என்னும் நால்வர் இடம்பெற்றனர். இவர்களுள் ஆரத்தி கஸ்தூரி ராஜ் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பது நமக்குப் பெருமை அளிப்பதாகும். மொழியால் வேறுபட்டோர், ஊரால் வேறுபட்டோர் ஒரே கொடியின்கீழ் ஒரே ஓட்டத்தை ஓடினர்.

தொடரோட்டம் நாம் பள்ளி விளையாட்டு விழாவிற் கண்டதே. அங்கே ஒருவர் கையிலுள்ள கோலை அடுத்தவர் பெற்றுக்கொண்டு ஓடுவார். சக்கரச் சறுக்கோட்டத்தில் கோல் இல்லை. முறை முடிந்து வருபவர், முன்னே ஓடத் தொடங்கியிருக்கும் தம் தோழியை நெருங்கி, அவர் இடுப்பில் இரு கைகளையும் வைத்து முன்னோக்கித் தள்ளுவார். தம் உடலில் எஞ்சியுள்ள வேகத்தையெல்லாம் அந்த ஒரு தள்ளலில் அவர்க்கு அளித்துவிட்டு, தாம் ஒதுங்கிக்கொள்வார். தள்ளல் சற்று முந்தினால் தோழி தடுமாறுவார். பிந்தினால் வேகம் வீணாகும். தள்ளுபவர் பக்கம் திரும்பிப் பாராமலே, அக்கை தக்க நேரத்தில் தம்மைத் தொடும் என்று நம்பி முன்னவர் ஓடுதல் வேண்டும். பின்னிருந்து தள்ளுதல் என்றாலே வீழ்த்துதல் என்று பொருள்கொள்வது உலக வழக்கு. பின்னிருந்து தள்ளுதலே உயர்த்துதலாக அமைந்த அரிய விளையாட்டு இது.

பந்தயத் தளத்தின் ஒரு சுற்று வழக்கமாக 200 மீட்டர். எனவே 3000 மீட்டர் என்பது பதினைந்து சுற்று. இந்திய மகளிர் அதனை 4 நிமிடம் 34.861 விநாடியில் முடித்து வெண்கலப் பதக்கம் பெற்றனர். மணிக்கு 39 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அது. கொண்டைஊசி வளைவுகளில் ஏறும் பேருந்தைப் பின்தள்ளிச் செல்லத் தக்கது. சீன தைபே குழு 4 நிமிடம் 19.447 விநாடியில் தங்கத்தையும், தென் கொரியக் குழு 4 நிமிடம் 21.146 விநாடியில் வெள்ளியையும் பெற்றன.

பாராட்டு ஒருபுறம் இருக்க, இக்கணக்கை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தங்கத்திற்கும் வெண்கலத்திற்கும் இடையே பதினைந்தரை விநாடிக்குச் சற்றே குறைந்த இடைவெளி உள்ளது. சீன தைபே வீராங்கனை எல்லைக்கோட்டைக் கடந்த பொழுது, ஒரே சீரான வேகத்தில் ஓடியதாகக் கொண்டால், நம்மவர் ஏறத்தாழ 170 மீட்டர் பின்னே இருந்திருப்பர். ஒரு சுற்றுக்குச் சற்றே குறைவான தொலைவு அது. பதக்கத்தின் ஒளியில் இவ்விடைவெளியை மறைத்துவிடுதல் அறிவுடைமையாகாது. அதுபோலவே, இடைவெளியைக் காட்டிப் பதக்கத்தை இகழ்தலும் அறமாகாது. சறுக்கோட்டத்திற்கென்று அமைந்த தளங்கள் நம் நாட்டில் மிகுதியாக இல்லை. கிரிக்கெட்டுக்குக் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்கும் இதற்குக் கூடுவதில்லை. கைத்தட்டல் இல்லாத களத்தில் ஆண்டுக்கணக்கில் விழுந்தும் எழுந்தும் பயின்று, ஆசியாவின் மூன்றாம் இடத்தை எட்டினர் என்பதே இங்குக் கருதத் தக்கது. எவ்வளவு தொலைவு ஏறிவந்தோம் என்பதை வெண்கலம் காட்டுகிறது. எவ்வளவு தொலைவு ஏறவேண்டும் என்பதை அப்பதினைந்து விநாடி காட்டுகிறது. இரண்டையும் ஒருங்கே காண்பவனே மலையேறத் தகுதியுடையவன்.

அதே நாளில் ஆடவர் தொடரோட்டமும் நடைபெற்றது. அதில் நிகழ்ந்தது மாணவர் ஒவ்வொருவரும் மனத்திற் பொறித்துவைக்கத் தக்கது. தென் கொரியக் குழு முன்னணியில் ஓடிவந்தது. இறுதிச் சுற்றில் எல்லைக்கோடு கண்முன்னே இருந்தது. வெற்றி உறுதியாயிற்று என எண்ணிய கொரிய வீரர், கோட்டைக் கடக்குமுன்னரே நிமிர்ந்து, இரு கைகளையும் உயர்த்தி மகிழ்ந்தார். அவருக்குப் பின்னே வந்த சீன தைபே வீரரோ குனிந்த தலை நிமிராமல், தம் இடக்காலை நீட்டிக் கோட்டைத் தொட்டார். கருவி காட்டிய கணக்கு இது: சீன தைபே 4 நிமிடம் 5.692 விநாடி, தென் கொரியா 4 நிமிடம் 5.702 விநாடி. வேறுபாடு விநாடியில் நூறில் ஒரு பங்கு. அவ்வேகத்தில் அந்நேரத்திற் கடக்கும் தொலைவு ஏறத்தாழப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அரைச் சாண் என்னலாம். மூவாயிரம் மீட்டர் உழைத்துப் பெற்றது அரைச் சாணில் நழுவிற்று. ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கொரிய ஆடவர்க்குக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்கு உண்டு. அவ்வாய்ப்பும் அவ்வரைச் சாணோடு போயிற்று. அவ்வீரர் பின்னர்த் தம் குழுவினரிடமும் நாட்டு மக்களிடமும் மன்னிப்புக் கேட்டார். தவற்றை ஒளியாமல் ஏற்றுக்கொண்டது அவரது பண்பைக் காட்டுகிறது. எனினும், கோட்டைக் கடந்த பின்னரே ஓட்டம் முடிகிறது என்னும் பாடத்தை அவர் மிக உயர்ந்த விலை கொடுத்து உலகுக்குக் கற்பித்தார்.

அவ்வோட்டத்தில் இந்திய ஆடவர் 4 நிமிடம் 10.128 விநாடியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் பெற்றனர். அக்குழுவில் ஓடியவருள் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் ஒருவர். அவர் வெண்கலத்தோடு நின்றுவிடவில்லை. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் சீனாவின் பெய்டைஹே நகரில் நடந்த உலகப் போட்டியில், 1000 மீட்டர் ஓட்டத்தை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். விரைவுச் சறுக்கோட்டத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்னும் புகழ் ஒரு தமிழருக்கு வாய்த்தது. அதே போட்டியில் 42 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டத்திலும் அவர் தங்கம் வென்றார். ஆசியாவில் மூன்றாவதாக நின்றவர் ஈராண்டில் உலகில் முதல்வராய் நின்றார். இடைவெளி என்பது கடக்க இயலாத பள்ளமன்று; ஏறிக் கடக்க வேண்டிய மேடே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஒரு தமிழ் மகன் ஏறிய அம்மேட்டில் ஒரு தமிழ் மகள் ஏறும் நாளும் வருதல் வேண்டும். அதற்கான முதற்படியை ஹாங்சௌ நகரில் வெண்கலம் வென்ற வீராங்கனையர் அமைத்துத் தந்துள்ளனர்.

மலைநாட்டு மாணவர்க்கு இங்கு இன்னும் ஒரு செய்தி உண்டு. உயரம் செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறையும். கோடைக்கானலின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையிலுள்ளதினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் அடர்த்தி குறைந்தால் ஓடுபவர்க்குத் தடையும் குறையும். கஜகஸ்தான் நாட்டில் அல்மாட்டி நகருக்கருகே 1,691 மீட்டர் உயரத்திலுள்ள மெதியோ என்னும் பனித்தளத்தில் உலகச் சாதனைகள் பல நிகழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத் தளம் விரைவுக்குப் பெயர் பெற்றதும் இதனாலேயே. கோடைக்கானலோ இவ்விரண்டினும் உயர்ந்த இடத்தில் உள்ளது. ஆனால் மெல்லிய காற்று ஒரு கையாற் கொடுத்து மறு கையால் வாங்கும் இயல்புடையது. தடை குறைவதுபோலவே மூச்சுக்கு வேண்டிய உயிர்வளியும் குறையும். ஆதலின் நெடுநேரம் ஓடுவோர் விரைவிற் களைப்படைவர். மலையிற் பிறந்து, நாளும் ஏறியும் இறங்கியும் பழகிய உடல் அக்குறைக்கு ஓரளவு இசைந்துகொள்ளும்.

இயற்கை எந்நாட்டுக்கும் எல்லாவற்றையும் கொடுப்பதில்லை. பனிநாட்டுக்கு உறைந்த ஏரியைக் கொடுத்தது. நமக்கு அதனைக் கொடுக்கவில்லை. ஆனால் இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதைக்கொண்டு முன்னேறும் அறிவை எல்லார்க்கும் பொதுவாகக் கொடுத்துள்ளது. பனி இல்லாத இடத்திற்குச் சக்கரம் வந்தது அவ்வறிவினாலேயே. வாய்ப்புக் குறைந்த களத்தில் பதக்கம் வந்ததும் அவ்வுறுதியினாலேயே.

மாலை வேளையில் பெருமாள்மலை வளைவுகளில் பேருந்து ஒன்று விளக்கேற்றிக்கொண்டு ஏறிவருவதைத் தொலைவிலிருந்து காணலாம். ஒரு வளைவில் மறையும். அடுத்த வளைவில் சற்றே உயரத்திற் தோன்றும். வளைவுதோறும் திசை மாறினாலும் அஃது ஏறிக்கொண்டேதான் இருக்கும். வாழ்க்கை வழியும் அத்தகையதே. வளைவு கண்டு அஞ்சாமல் அதன் இயல்பறிந்து சாய்தலும், முன்னே செல்வாரைத் தம் கையால் உந்தி உயர்த்துதலும், எல்லைக்கோடு கடக்கும்வரை தலை நிமிராமல் ஓடுதலும் சறுக்கோட்ட வீராங்கனையர் நமக்குக் கற்பிக்கும் பாடங்கள். அவற்றைக் கற்றுக்கொள்ளச் சக்கரக் காலணி வேண்டுவதில்லை. உறுதி படைத்த உள்ளம் ஒன்றே போதும்.

பயிற்சி

1. பேருந்தில் நிற்பவர்க்கும் மிதிவண்டி ஓட்டுபவர்க்கும் வளைவில் நேரும் வேறுபாடு யாது? அது சறுக்கோட்டத்திற்கு எவ்வாறு பொருந்தும்?
2. சறுக்கோட்ட வீரர் குனிந்து ஓடுவதன் காரணத்தை விளக்குக.
3. மெர்லினின் கதை உணர்த்தும் உண்மை யாது?
4. சக்கரச் சறுக்கோட்டத் தொடரோட்டம், பள்ளித் தொடரோட்டத்தினின்றும் எவ்வாறு வேறுபடுகிறது?
5. 'எவ்வளவு தொலைவு ஏறிவந்தோம் என்பதை வெண்கலம் காட்டுகிறது. எவ்வளவு தொலைவு ஏறவேண்டும் என்பதை அப்பதினைந்து விநாடி காட்டுகிறது' – இக்கூற்றின் பொருளை ஒரு பத்தி அளவில் எழுதுக.
6. உங்கள் ஊரிற் போதிய வசதியின்றியும் விடாது பயிலும் விளையாட்டு வீராங்கனை ஒருவரைப் பற்றி ஒரு கட்டுரை வரைக.